ஜிமெயில் லேபிளும் ஃபில்டரும்: ஆறு மாசம் யூஸ் பண்ணதுல சொல்றேன்

போன வருஷம் அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணப்போ இன்சூரன்ஸ் டெஸ்க்ல பாலிசி காப்பியும் மூணு வருஷத்துக்கு முந்தின எக்கோ ரிப்போர்ட்டும் கேட்டாங்க, ரெண்டுமே மெயில்ல இருக்குன்னு நல்லா தெரியும், ஆனா அந்த ஸ்டீல் சேர்ல உக்காந்து முக்கா மணி நேரம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தும் சிக்கல. ஆஃபர் மெயில், ஓடிபி மெயில், திரும்ப ஆஃபர் மெயில். அழுகையே வந்துருச்சு. தங்கச்சி வந்து போனை வாங்கி, சர்ச்ல இங்கிலீஷ்ல ஃபைல்நேம்னு அடிச்சு ஒரு கோலன் போட்டு பிடிஎஃப்னு போட்டா (filename:pdf), கூடவே பாலிசிங்கிற வார்த்தை. அவ்ளோதான், பாலிசி மேலயே வந்து நின்னுச்சு.

எக்கோ ரிப்போர்ட் மட்டும் வரல. ஏன்னா ஸ்கேன் சென்டர்ல இருந்து வந்த மெயில்ல சப்ஜெக்ட்டே வெறும் ஒரு நம்பர்தான், உள்ள ஒரு வரி கூட கெடையாது, எதை வெச்சு தேடுறது? இப்பல்லாம் அந்த மாதிரி மெயில் வந்தா உடனே எனக்கே ஃபார்வேர்ட் பண்ணி சப்ஜெக்ட்ல "அப்பா எக்கோ மார்ச் 2025"னு போட்டுடுவேன். பத்து செகண்ட் வேலை, ஆனா இதுக்கு ஈடா எதுவும் இல்ல.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஃபில்டர் போட லேப்டாப்ல உக்காந்தேன், அதாவது இந்த மாதிரி மெயில் வந்தா தானாவே லேபிள்ங்கிற பேர்ச்சீட்டை ஒட்டிடுன்னு சொல்லி வெக்கிறது (போன் ஆப்ல போட முடியாது, பிரவுசர்லதான்). சர்ச் பாக்ஸ் ஓரத்துல கோடு கோடா ஒரு ஐகான் இருக்கும் பாருங்க, அதை அமுக்கினா யார்கிட்ட இருந்து, எந்த வார்த்தை, எவ்ளோ சைஸ்னு கேக்கும், கீழ கிரியேட் ஃபில்டர், அதுல லேபிளை டிக் பண்ணிட்டு, பழைய மெயிலுக்கும் அப்ளை பண்ணுங்கிற கட்டத்தையும் மறக்காம டிக் பண்ணுங்க, அது இல்லேன்னா இனிமே வர்றதுக்கு மட்டும்தான் லேபிள் விழும்.

லேபிள்னா ஃபோல்டர்னு நெனைக்காதீங்க. ஒரே மெயிலுக்கு ரெண்டு மூணு லேபிள் ஒட்டலாம், அப்பாவோட பிரீமியம் ரசீது எனக்கு "அப்பா மெடிக்கல்"லயும் இருக்கு "ஐடி ரிட்டர்ன்"லயும் இருக்கு, ஜூலைல ஆடிட்டர் கேட்டப்போ ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டேன். லேபிளை அழிச்சாலும் மெயில் போகாது, பயப்பட வேணாம். ஆர்க்கைவும் அப்படித்தான், இன்பாக்ஸ்ல இருந்து நகருமே தவிர ஆல் மெயில்ல இருக்கும். டிலீட் பண்ணா மட்டும் 30 நாள் டிராஷ்ல இருந்துட்டு நிரந்தரமா போயிடும்.

எடுத்ததுமே முப்பது லேபிள் போட்டுறாதீங்க. எனக்கு ஆறுதான்: அப்பா மெடிக்கல், ஐடி ரிட்டர்ன், பேங்க், வீட்டு வாடகை, பிள்ளை ஸ்கூல், டிக்கெட். மத்ததெல்லாம் சர்ச் பாத்துக்கும்.

ஒரு கொறை இருக்கு, வார்த்தைய பாதி அடிச்சா சர்ச் சரியா புடிக்காது, முழுசா அடிக்கணும். 15 ஜிபி ஃப்ரீங்கிறதும் போட்டோ, டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்துதான், அதனால அப்பப்போ லார்ஜர் கோலன் 10எம்னு (larger:10M, 10 எம்பிக்கு மேல இருக்கிற மெயில்) தேடி பெருசா கெடக்கிறதை எடுத்துடுவேன்.

காசு எதுவும் இல்லாம இவ்ளோ கெடைக்கிறதுக்கு தாராளமா அஞ்சுக்கு நாலரை. அடுத்த வாரம் அம்மா அக்கவுண்ட், அவங்களுக்கு பென்ஷனும் கேஸ் புக்கிங்கும் ரெண்டே லேபிள் போதும்னு சொல்லிட்டாங்க.