பாய்லருக்கு எந்தக் கரி? 17 வருட அனுபவம்

ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் 17 வருடமாக பாய்லர் பார்க்கிறேன். ஆளே நிலக்கரி அள்ளிப் போடும், மணிக்கு 3 டன் ஸ்டீம் தரும் பாய்லர். நெய்வேலி லிக்னைட் (பழுப்பு நிலக்கரி), சிங்கரேணி கரி, இந்தோனேசியா கரி மூன்றையும் வருடக்கணக்கில் எரித்திருக்கிறேன். கரி வாங்குகிறவர்கள் பலரும் டன் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். ஒரு டன் ஸ்டீமுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பாருங்கள்.

முதலில் லிக்னைட்தான் போட்டோம். விலை குறைவு, சட்டென்று பற்றும், சாம்பலும் கம்மி. ஒருநாள் 1 கிலோவைத் தட்டில் பரப்பி பாய்லர் மேலே வைத்தேன். மறுநாள் நிறுத்தால் 540 கிராம்! தண்ணீர் தெளித்து எடை ஏற்றிவிட்டார்கள் என்று லாரிக்காரரிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. பூமியிலிருந்து வெட்டும்போதே லிக்னைட்டில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கிலோவுக்கு 2,700 கிலோகலோரி அளவில்தான் சூடு. 3 கிலோ ஸ்டீம் கிடைத்தாலே பெரிது. காய்ந்தால் பொடிந்து, கிரேட் (கரி எரியும் கம்பித் தட்டு) சந்து வழியாக எரியாமலே கீழே கொட்டும். ஐப்பசி மழையில் 10 கிலோ பிரஷர் 7க்கு இறங்கிவிடும். "ஏனுங்கண்ணா, பிரஷர் ஏறலீங்களா?" என்று மெஷின்காரத் தம்பி வாசலில் வந்து நிற்பான்.

தெலங்கானாவின் சிங்கரேணி கரி ஈரம் குறைந்தது. எங்களுக்கு வந்தது ஜி11 ரகம், கிலோவுக்கு 4,000 முதல் 4,300 கிலோகலோரி வரை. நின்று எரியும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு சாம்பல், கூடவே கல். கையில் எடுத்தால் தெரியும்: கரி உடைத்த இடத்தில் பளபளக்கும், கல் மங்கலாக, கனமாக இருக்கும். சாம்பல் வாரியே ஆள் களைத்துப்போவார்.

இந்தோனேசியா கரியில் சாம்பல் மிகக் குறைவு. 4,200 கிலோகலோரி ரகத்தில் கிலோவுக்கு 5 கிலோ ஸ்டீம் வரை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாம்பல் சீக்கிரம் உருகும். தீயை முடுக்கினால் கிரேட்டில் கிளிங்கர், அதாவது உருகி இறுகிய சாம்பல், பாளமாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். கடப்பாரையால் பெயர்க்க வேண்டும். மூன்று பங்குக்கு ஒரு பங்கு சிங்கரேணி கலந்த பிறகு எங்களுக்கு அது வெகுவாகக் குறைந்தது. இப்போது அந்தக் கலவைதான் ஓடுகிறது.

ஆந்த்ரசைட் என்ற கெட்டியான உயர்ரகக் கரியை நான் எரித்ததில்லை, எங்கள் பக்கம் யாரும் வாங்குவதும் இல்லை.

இந்தோனேசியா கரி வாங்குகிறவர்கள் குவியல் மேல் கண் வையுங்கள். சித்திரையில் ஒரு விடியற்காலை, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. குவியலில் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவினேன். நுனியைத் தொட முடியவில்லை. உள்ளே கரி தானாகவே கனன்றுகொண்டிருந்தது. தண்ணீர் அடிக்கவில்லை. கிளறி, மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் முதலில் அதையே எரித்து முடித்தோம். அன்றிலிருந்து 10 நாள் சரக்குக்கு மேல் இறக்குவதில்லை, ஆள் உயரத்துக்கு மேல் குவிப்பதில்லை, பழையதைத் தீர்க்காமல் புதியதைத் தொடுவதில்லை. கம்பி இன்னும் குவியலில்தான் செருகியிருக்கிறது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் உருவித் தொட்டுப் பார்க்கிறோம்.