முந்திரி எண்ணெய் பூசிய மரம்: ஏழெட்டு வருஷ அனுபவம்

பண்ருட்டிப் பக்கம் மரத்துக்குப் பூச முந்திரி எண்ணெய் கேட்டால், பருப்பில் பிழிந்ததைத் தரமாட்டார்கள். கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு மாதிரியான அறைகளில் இருக்கும், கையில் பட்டால் சுடும் எண்ணெய் அது. எங்கள் மாட்டுக் கொட்டகையின் பனங்கைகள், சவுக்கு வேலிக்கால்கள், தோட்டத்துக் கதவு எல்லாவற்றுக்கும் ஏழெட்டு வருஷமாக இதுதான். அதற்கு முன்னால் எனாமல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தோம்.

எனாமல் முதல் வருஷம் பளபளவென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழையில் மரம் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். மேலே படிந்த பெயிண்ட் அதோடு சேர்ந்து நெளியாமல் வெடிக்கும். வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல், பார்வைக்கு நன்றாக இருக்கும் பெயிண்டுக்கு அடியில் மரம் மக்கிக்கொண்டிருக்கும். மறுபடி அடிக்க வேண்டுமென்றால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கே கூலி சரியாகிவிடும்.

முந்திரி எண்ணெய் உரிவதில்லை, வெளுக்கிறது. மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. வெயில் நேராக அடிக்கும் மேற்குப் பக்கம் இரண்டு வருஷத்தில் கருமை போய்ச் சாம்பல் நிறமாகிவிடும். தூசியைத் தட்டிவிட்டு அதன் மேலேயே இன்னொரு கை பூசினால் போதும். கொட்டகைக்குள் இருக்கும் பனங்கைகளுக்கு இதுவரை மறுபூச்சே தேவைப்படவில்லை. என்னைப் பொறுத்தவரை இதற்காகவே இந்த எண்ணெயை வாங்கலாம்.

கரையான் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பூசிய இடத்தை அது தொடுவதில்லை. ஆனால் வேலிக்கால் வெயிலில் பிளந்தால் எண்ணெய் போகாத உள்மரம் வெளியே தெரியும். கரையான் நேராக அங்கேதான் போகிறது. அதனால் நடுவதற்கு முன் அடிப்பாகத்தை ஒரு ராத்திரி எண்ணெயிலேயே நிறுத்தி வைக்கிறோம். பிளவு தெரிந்தால் அதற்குள் ஊற்றிவிடுவோம்.

வாங்கும்போது காய்ச்சிய எண்ணெயா என்று கேளுங்கள். பச்சை எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் அது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறுகிறது. கப்பல் பெயிண்டுகளில் எபாக்சி என்ற பிசினை இறுக வைக்கும் பொருள்கள் சில இந்தக் கார்டனாலிலிருந்துதான் வருகின்றன. ஒரு தடவை ஒரு கடையில் வாங்கியது மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே கிடந்தது. பழைய என்ஜின் ஆயில் கலந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் புது டின்னைத் திறந்ததும் ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தடவி வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுகிறேன்.

இயற்கைப் பொருள்தானே என்று வெறுங்கையால் தொடாதீர்கள். மாங்காய்ப் பால் பட்டால் வாய் ஓரம் வெந்துபோகும் இல்லையா? சேராங்கொட்டை பட்ட தோல் கொப்புளிக்கும். மா, சேராங்கொட்டை, முந்திரி மூன்றும் ஒரே குடும்பம். ஜப்பான்காரர்கள் கிண்ணத்துக்குப் பூசும் உருஷி அரக்கு தரும் மரமும் அதே குடும்பம்தான். காய்ச்சினால் காரம் குறையுமே தவிரப் போய்விடாது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். கொட்டையின் ஓடு எரியும் புகை கூட ஆகாது.

வீட்டுக்குள் இது வேண்டவே வேண்டாம். வாடை சீக்கிரம் போகாது, நிறமும் கருப்பு. உள்கதவுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். தேக்கின் ரேகை அழகாக எழுந்து வந்தது. ஆனால் கார்த்திகை ஈரத்தில் சமையலறைக் கதவில் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் பிடித்தது. வருஷா வருஷம் துடைக்கிறோம். காற்றோட்டம் இல்லாத இடத்துக்கு அதுவும் சரிப்படாது. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முந்திரி எண்ணெய் பூச மாசி, பங்குனி நல்ல நேரம். கெட்டியாக ஒரே பூச்சு வேண்டாம். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து இளக்கி, மெல்லிசாக இரண்டு தடவை, நடுவில் சில நாள் வெயில் விட்டுப் பூசுங்கள். நல்ல பிரஷ்ஷை இதற்கு எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மறுநாள் கட்டையாகிவிடும். நாங்கள் குச்சியில் கோணித்துணி சுற்றித்தான் பூசுகிறோம்.