டின்னா, தானியமா? வீட்டில் பியர் செய்யத் தொடங்குபவர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பியர் செய்து பார்க்கலாம் என்று கிளம்புகிறவர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கூப்பர்ஸ் மாதிரி கம்பெனிகள் விற்கும் 1.7 கிலோ டின். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றைச் சுண்டக் காய்ச்சி, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பையும் சேர்த்தே அடைத்திருப்பார்கள், மேல்மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பொட்டலம் இருக்கும். இன்னொன்று, மால்ட் தானியத்தையே உடைத்து வாங்கி, துணிப்பையில் போட்டுப் பெரிய பானையில் ஊறவைத்து முதலிலிருந்து செய்வது. 'ப்ரூ இன் எ பேக்' என்று இதற்குப் பெயர், இந்த நாட்டு ஆட்கள் கிளப்பிவிட்ட முறைதான். நான் டின்னில் தொடங்கிப் பை முறைக்குப் போனவன், இப்போது மாற்றி மாற்றி இரண்டும் செய்கிறேன். புதிதாக வருகிறவர் கேட்டால் டின் என்றுதான் சொல்வேன்.

நேரக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். டின்னைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் நிறுத்தினால் பாகு இளகிவிடும். அதோடு 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் பொடி) சேர்த்து, நொதிக்கவைக்கும் வாளியில் வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டு 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட்டைத் தூவி மூடினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பை முறையில் அதே அளவுக்கு 5 கிலோ மால்ட் வேண்டும். 65, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் மால்ட்டில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அப்புறம் சொட்டச் சொட்டப் பையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஹாப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும், கொதித்ததைச் சட்டென்று ஆறவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடும், கடைசியில் தண்ணீர் குடித்துக் கனத்த சக்கையை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வேறு.

ஆனால் நான் டின் பக்கம் சாய்வதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெப்பநிலை. பியர் நல்லதாக வருவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அடுப்படியில் முடிவாவதில்லை, ஈஸ்ட் போட்ட பிறகு வரும் முதல் மூன்று நான்கு நாளில்தான் முடிவாகிறது. ஏல் என்ற பியர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். சர்க்கரையைத் தின்னும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும், அதனால் அறை 24 டிகிரி என்றால் வாளிக்குள் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தறிகெட்டு வேலை செய்து, தொண்டையைச் சுடுகிற கனமான ஆல்கஹால்களையும் அழுகிய பழம் போன்ற வாடையையும் விட்டுவைக்கும். நம் வீட்டுப் பழக்கம் இங்கே நேர் எதிராக இழுக்கும்: இட்லி மாவு பொங்கவில்லை என்றால் கதகதப்பான இடமாகப் பார்த்துத் தூக்கி வைப்போம் இல்லையா, பியர் வாளியை அப்படி வைத்தால் நுரை என்னவோ ஜோராக எழும்பும், குடிக்கும்போதுதான் தெரியும்.

'டின் பியர் வாடை' என்று பலர் முகம் சுளிப்பதில் பாதிக்கு மேல் இந்தச் சூடுதான். மீதியில் கொஞ்சம் கடையில் வெகுநாள் கிடந்து கறுத்த பழைய டின்னால் வருவது. தேதி பார்த்து வாங்குங்கள்.

ஆகவே பணக் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். பை முறைக்குப் போனால் முப்பது நாற்பது லிட்டர் பானை, அதைக் கொதிக்கவைக்கும் பர்னர், பை, ஆறவைக்கச் செம்புச் சுருள் என்று போகும். டின்னில் தொடங்கினால் அந்தப் பணத்துக்கு யாரோ வேண்டாமென்று விற்கும் பழைய ஃப்ரிட்ஜும் ப்ளக்கில் செருகும் ஒரு வெப்பநிலைக் கன்ட்ரோலரும் வாங்கிவிடலாம். கன்ட்ரோலரின் உணரியைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். வாளியின் பக்கத்தில், பியர் மட்டத்துக்குக் கீழே வைத்து, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள், அப்போதுதான் பியரின் சூட்டைப் படிக்கும். 18இல் வைத்து விட்டுவிட்டு, நுரை அடங்கத் தொடங்கியதும் 21க்கு உயர்த்தினால் ஈஸ்ட் மிச்ச வேலையையும் முடித்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜுக்கு இடமில்லையா, வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஈரத்துண்டு சுற்றி, உறையவைத்த பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். சிரமம்தான், ஆனாலும் ஓடும். பிறகு பை முறைக்குப் போகும்போதும் அந்த ஃப்ரிட்ஜ் அப்படியே உதவும். பானையை முதலில் வாங்கினவருக்கு இங்கே கோடையான ஜனவரி வெயிலில் அந்தப் பானையால் ஒரு பிரயோசனமும் இல்லை.

குளிரில் நொதிக்கும் லாகர் வகை பியர் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், அது 10, 12 டிகிரி கேட்கும். அந்தப் பக்கம் நான் அதிகம் போனதில்லை, என் பேச்சை அங்கே பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான்: முதலில் அழுக்குப் போகக் கழுவுவது, அப்புறம் கிருமிநீக்கி. பிளாஸ்டிக் வாளியை நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறலில் பாக்டீரியா குடியேறும். ஹைட்ரோமீட்டர் (கரைசலின் அடர்த்தியை அளந்து சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவி) இல்லாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். அதில் 1.040இல் தொடங்கிய அடர்த்தி 1.010க்கு வந்து இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் சரி, ஏறக்குறைய 4 சதவீத பியர். அதற்கு முன்பே கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். முதலில் 740 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்களே நல்லது, பக்கத்தை அழுத்திப் பார்த்தாலே உள்ளே காஸ் ஏறியது கைக்குத் தெரியும்.

சட்டம் பற்றி ஒரு வரி. இங்கே சொந்தமாகக் குடிக்கச் செய்யலாம், விற்கக் கூடாது, உரிமமில்லாமல் சாராயம் வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அங்கே வீட்டுத் தயாரிப்பை அனுமதிப்பதில்லை.

யார் நேரே பை முறைக்குப் போகலாம்? ஏற்கெனவே பெரிய பானையும் வெளியடுப்பும் வைத்திருப்பவர், சமையலில் தெர்மாமீட்டரோடு மல்லுக்கட்டுவதில் சந்தோஷம் காண்கிறவர், குறிப்பிட்ட ஒரு பியரின் சுவையை அப்படியே பிடிக்க வேண்டும் என்று அலைகிறவர். மால்ட்டை நாமே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் டின்னில் கிடையாது. நடுவழி ஒன்றும் உண்டு: நிறமும் இனிப்பும் தரும் கிறிஸ்டல் மால்ட்டில் கால் கிலோவை 65, 70 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டிக் கொதிக்கவைத்து டின் கரைசலோடு சேருங்கள், நொதித்து முடியும் நேரத்தில் ஒரு கைப்பிடி ஹாப்ஸ் போடுங்கள். இரண்டாவது டின்னிலேயே இதைச் செய்து பார்க்கலாம், பானை வாங்கும் யோசனையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.