பந்தியாய் ஸ்ரே போகிறவர்கள் தனி டிக்கெட் வாங்காதீர்கள்

போன மாதம் கம்போடியாவில் முப்பது டாலர் ஏமாந்தேன். பணம் போகட்டும், அதோடு போன வெளிச்சம்தான் இன்னும் உறுத்துகிறது.

முதல் நாள் அங்கோர் வாட். பாற்கடல் கடையும் சிற்பச் சுவரே ஏறக்குறைய 49 மீட்டர். அம்மா அசுரர் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்ததில் அங்கேயே பொழுது போய்விட்டது. மறுநாள் பந்தியாய் ஸ்ரே என்ற சிவன் கோயில். அம்மா விமானம் ஏறியதே அதற்காகத்தான். காரைக்கால் அம்மையார் அங்கே கல்லில் இருக்கிறார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடுதி வாசலில் நின்ற துக்துக்கைப் பேசிக்கொண்டோம். கூடவே கைடு என்று ஒரு பையன் ஏறிக்கொண்டான். சியம் ரீப் நகரத்தைத் தாண்டியதும் ஆரம்பித்தான்: "அந்தக் கோயிலுக்குத் தனி டிக்கெட். தலைக்கு 15 டாலர்." எங்களிடம் தலைக்கு 62 டாலர் கொடுத்து வாங்கிய மூன்று நாள் அங்கோர் பாஸ் இருக்கிறதே என்றேன். அது அங்கோர் வாட் பக்கத்துக்கு மட்டும்தானாம். சரி என்று கொடுத்துத் தொலைத்தேன். டிக்கெட் வாங்கப் போனவன் வர ஒரு மணி நேரம். அதுவரை ஒரு பட்டுக்கடையில் எங்களை உட்கார வைத்தார்கள். இளநீர் இலவசம். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கொண்டுவந்தது ரோஸ் கலரில் ஒரு சீட்டு. கெமர் எழுத்து, மேலே ஒரு சீல். கோயில் வாசலில் நீட்டினால், சோதிக்கும் பெண் அதைத் தொடவே இல்லை. அம்மா கழுத்தில் தொங்கிய பாஸை எடுத்து, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தேன். கைடைக் காணோம்.

விஷயம் இதுதான்: அங்கோர் பாஸிலேயே பந்தியாய் ஸ்ரே அடக்கம். குலென் மலைக்குத்தான் தனிச் சீட்டு. இரண்டையும் குழப்பித்தான் பிடுங்குகிறார்கள். பாஸை அதிகாரபூர்வ கவுன்டரிலோ அதிகாரபூர்வ இணையதளத்திலோ மட்டும் வாங்குங்கள். அதில் உங்கள் படம் இருக்கும். வழியில் எவனும் வாங்கித் தர முடியாது. கைடு வேண்டுமென்றால் அரசு அடையாள அட்டையைக் கேளுங்கள்.

பந்தியாய் ஸ்ரே 967இல் எழுந்த கோயில். கட்டியவர் அரசர் அல்ல, யக்ஞவராகர் என்ற அந்தணர். செம்மணற்கல்லை மரம்போலக் குடைந்திருக்கிறார்கள். ராவணன் கயிலையை அசைக்கும் இடத்தில் அடுக்கடுக்காக எல்லாரும் மிரள்கிறார்கள், பார்வதி சிவனைக் கட்டிக்கொள்கிறாள். அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. ஆடும் சிவனின் காலடியில் வற்றிய மார்போடு அம்மையார் ஒரு நிழலாகத்தான் தெரிந்தார். அம்மா பதிகத்தை முணுமுணுக்க ஆரம்பித்தபோது காவலர் விசில் அடித்துவிட்டார்.

பாஸில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் வேறு வண்டி பிடித்துப் போனோம். கிழக்கு வெயில் நேராக அம்மையார் மேல் விழுந்தது. அம்மா பதிகத்தை முழுக்கப் பாடினாள்.

திரும்பி வரும்போது அதே பட்டுக்கடை வாசலில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.