கல்சட்டி, ஈயச்சொம்பு, ஈஸிசேர்: ஏழு வருஷப் புழக்கத்துக்குப் பின்

2018 ஆவணியில் மன்னார்குடிப் பக்கம் உள்ள என் வீட்டுக்காரரின் பூர்வீக வீட்டுக்குக் குடிவந்தோம். மாமனார் தவறிய பிறகு அத்தையைத் தனியே விட மனமில்லை. எனக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. பரணைச் சுத்தம் செய்தபோது இறங்கிய சாமான்களைப் பார்த்து மலைத்துப் போனேன். கல்சட்டி இரண்டு, ஈயச்சொம்பு, வெண்கலப்பானை, பித்தளைத் தவலைகள், காபி ஃபில்டர். போதாததற்குக் கூடத்து மூலையில் துணி நைந்துபோன ஈஸிசேர். பழைய பாத்திரக்காரர் தராசோடு வாசலுக்கே வந்துவிட்டார். "ஒரு வருஷம் புழங்கிப் பார்க்கிறேன், அப்புறம் போட்டுக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன்.

புழங்கிப் பார்ப்பதற்கு ஓர் அளவு வேண்டுமே. கொலுப் படிக்குப் பக்கத்தில் துலக்கி வைத்தால் எல்லாமே அழகுதான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, எட்டேகால் பஸ், சாப்பாட்டு டப்பா கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் கை தானாக எதை எடுக்கிறது? அதை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கல்சட்டி. மாக்கல்லில் கடைந்த சட்டி. எங்களிடம் இருப்பது இரண்டு லிட்டர் பிடிக்கும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்ததால் புதிதாக வாங்கியதைப் போலவே பழக்க வேண்டும் என்றார் அத்தை. ஒரு வாரம் தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வைத்து மறுநாள் கொட்டினேன். பிறகு நல்லெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் தடவி இரண்டு நாள் வைத்தேன். அதற்கப்புறம் வடித்த கஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிட்டு, மறுபடி கொதிக்கவிட்டு... மொத்தம் பன்னிரண்டு நாள். சாம்பல் நிறம் மெல்லக் கறுத்து வந்தது. இந்தப் பன்னிரண்டு நாளுக்குப் பொறுமை இல்லாதவர்கள் கல்சட்டி வாங்கவே வேண்டாம்.

வத்தக்குழம்புக்கு இதை விட்டால் வேறு பாத்திரம் இல்லை என்பது என் முடிவு. காரணம் எளிது. கல் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். அடுப்பை அணைத்த பிறகும் ஏழெட்டு நிமிஷம் குழம்பு 'களக் களக்' என்று கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் எண்ணெய் பிரிந்து மேலே வருகிறது. புதிதாகச் சமைப்பவர்கள் கோட்டை விடும் இடமும் இதுதான். வழக்கமான பக்குவம் வந்ததும் அணைத்தால், பரிமாறும்போது குழம்பு துவையலாகியிருக்கும். 'இன்னும் கொஞ்சம் தண்ணீராக இருக்கிறதே' என்று தோன்றும்போது அணைத்துவிட வேண்டும். இந்தக் கணக்கு கைக்கு வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

இரண்டில் ஒன்றை நானே உடைத்தேன். 2019-இல் ஓர் அவசரக் காலையில் சூடான சட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தேன். உள்பக்கம் சட்டென்று சுருங்கியது, வெளிப்பக்கம் சூட்டிலேயே இருந்தது. 'டக்' என்று ஒரே சத்தம். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள் செய்யக் கூடாத காரியம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. விரிசல் விட்ட சட்டியில் மண்ணை நிரப்பிக் கற்பூரவல்லி வைத்துவிட்டார். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது அது கண்ணில் படுகிறது.

மற்றொரு விஷயம்: வாடை ஏறினால் இறங்காது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது, மற்ற மாதங்களில் மீன் உண்டு. மீன் குழம்புக்கு மண்சட்டி தனி. கல்சட்டிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே மாட்டோம். சோப்பும் போடுவதில்லை. கடலைமாவும் வெந்நீரும் போதும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் கதை சோகமானது. இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். விஷமான காரீயம் வேறு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்புக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் முடிந்தது கதை. குடிவந்த மூன்றாம் மாதம் நான் சொம்பை ஏற்றிவிட்டு, புளி கரைத்த கிண்ணத்தை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் போன் அடித்தது. திரும்பி வந்தபோது அடிப்பக்கம் காணவில்லை. பர்னர் மேல் வெள்ளிக் குட்டை. "ஏம்மா, புளித்தண்ணிய ஊத்திட்டுத்தானே அடுப்பப் பத்தவைக்கணும்னு சொன்னேன்?" என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமனாரின் அம்மா காலத்துச் சொம்பு அது.

உருகிய கட்டியை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். பழைய ஈயத்தின் எடைக்குக் கழித்துக்கொண்டு 620 கிராமில் புதுச் சொம்பு கொடுத்தார்கள். ஆனால் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் சந்தேகம் விடவில்லை. வீட்டுக்கு வந்து அண்டா நிறையத் தண்ணீர் வைத்துச் சொம்பை முழுதாக அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்தேன்: 85 மில்லி. 620-ஐ 85-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7.3. வெள்ளீயத்தின் அடர்த்தி அதுதான், காரீயத்துக்கு 11.3. பாதிக்குப் பாதி கலப்படம் என்றால் இதில் கட்டாயம் மாட்டும். நூற்றுக்கு ஐந்து கலந்திருந்தால் சமையலறை அளவில் பிடிபடாது. அதற்குப் பரிசோதனைக்கூடம்தான் வழி. சுரண்டிப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ கண்டுபிடிக்கலாம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ருசி? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பருப்புத் தண்ணீர், ஒரே பொடி, பாதி எவர்சில்வரில், பாதி சொம்பில் ரசம் வைத்து, வீட்டாரைக் கண்ணை மூடிக் குடிக்கச் சொன்னேன். மூன்று முறை. மகள் மூன்றையும் சரியாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஒன்றுதான். நான் இரண்டு. மகளுக்கு மூக்கு கூர்மை, அவ்வளவே என்று நினைக்கிறேன். அத்தை சோதனைக்கே வர மறுத்துவிட்டார். சொம்பை எடுத்தால் கடைப்பிடிக்க வேண்டியவை: தாளிப்பு தனிக் கரண்டியில், நெய்க் கரண்டியைச் சொம்பின் ஓரத்தில் சாய்த்து வைக்கக் கூடாது, கம்பி நார் ஆகாது, நுரை கூடிவரும்போதே இறக்கிவிட வேண்டும். இத்தனையும் நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் அது ஞாயிற்றுக்கிழமைச் சொம்பாகிவிட்டது.

வெண்கலப்பானையைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் செம்பு, மீதி வெள்ளீயம். நாலரைக் கிலோ கனம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை தளிகைக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்க அருமை, அடிப்பிடிக்காது. அரிசி உப்புமாவின் காந்தலுக்காகவே இதைக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் கழுவித் துலக்குவதற்குள் என் மணிக்கட்டு போய்விடுகிறது. வருஷத்தில் நாலு நாள்.

பித்தளைத் தவலைகளில் அரிசியும் உளுந்தும் இருக்கின்றன. சமைக்க வேண்டுமென்றால் உள்ளே ஈயம் பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும். ஈயம் பூசுகிறவர் முன்பெல்லாம் தெருவோடு கூவிக்கொண்டு வருவாராம். நாங்கள் வந்த பிறகு இரண்டே முறை வந்தார். கரி அடுப்பைத் துருத்தியால் ஊதி, பாத்திரம் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தொட்டுவிட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பு. கறுத்துக் கிடந்த பாத்திரத்தின் உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியாகும். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். நானும்தான். அந்த இரண்டு முறையும் முதலில் பூசக் கொடுத்தது காபி ஃபில்டரைத்தான், ஏனென்றால் என் செவ்வாய்க்கிழமைப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது அது ஒன்றுதான். ஏழு வருஷத்தில் ஒரு நாளும் ஓய்வு கொடுத்ததில்லை.

அம்மியைப் பட்டியலில் சேர்க்கவே நினைக்கவில்லை. கொல்லையில் அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தது. கொல்லையில் பதினோரு தென்னையில் ஒன்பது சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. மிக்சியும் கிரைண்டரும் ஜடமாய் நின்றன. மோட்டார் இல்லாமல் தண்ணீரும் இல்லை. அம்மியைக் கழுவி நிமிர்த்தி, விழுந்த தேங்காய்களையே துருவி அத்தை துவையல் அரைத்தார். மூன்று வீட்டுக்காரர்கள் வந்து அரைத்துக்கொண்டு போனார்கள். கரண்ட் வந்ததும் மறுபடி மிக்சிதான், மறைப்பதற்கில்லை. ஆனால் துணி துவைப்பதை நிறுத்திவிட்டோம்.

கடைசியாக ஈஸிசேர். தேக்குச் சட்டம், நீண்ட கைகள், கால் நீட்டிக்கொள்ளச் சுழற்றி வெளியே இழுக்கும் பலகை. மரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கோளாறெல்லாம் துணியில். முதலில் போட்ட கித்தான் மூன்றே வருஷம் வந்தது. ஐப்பசி ஈரத்தில் பூசணம் பிடித்து, கனத்த உறவினர் ஒருவர் உட்கார்ந்தபோது 'சர்ர்' என்று கிழிந்து அவரைத் தரையில் இறக்கியது. அவர் சிரித்துவிட்டார், நல்லவேளை. இரண்டாவதை இரட்டை மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார் கடைத்தெரு தையல்காரர். நாலு வருஷமாக நிற்கிறது. மழைக்காலத்தில் மாலையானதும் துணியை உருவிக் கொடியில் போட்டுவிட வேண்டும்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். பகலில் குறுவை அறுவடை இயந்திரத்தின் இரைச்சல், ரோட்டில் காயப்போட்ட நெல். நாலு மணிக்கு மேற்கே இருட்டினால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். அரசு நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது என்பதால் என் வீட்டுக்காரருக்கு அந்த மாதம் முழுக்க வானத்தைப் பார்த்தபடியே கழியும். நெல்லை மூடிவிட்டு வந்து அவர் விழுவது ஈஸிசேரில்தான். வைக்கோல் வாசனையோடு மழைச் சத்தம் கேட்கும்போது அதில் சாய்ந்தவர்கள் எழுந்து நான் பார்த்ததில்லை. முதுகுவலிக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், எழும்போது இடுப்பு பிடிக்கும். எனக்குப் பிடித்துக்கொண்டது.

சென்ற மாதம் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மகள், "எனக்கும் ஒண்ணு கொடும்மா" என்றாள். அவள் அறையில் இன்டக்‌ஷன் அடுப்பு. கல்லும் ஈயமும் வெண்கலமும் அதில் சூடேறாது. ஈஸிசேர் லிப்டுக்குள்ளேயே போகாது. ஃபில்டரை நான் தரமாட்டேன். யோசித்து, இரும்பு தோசைக்கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். நேற்று போன் செய்தாள். சூடெல்லாம் நன்றாகத்தான் ஏறுகிறதாம், ஆனால் கல் நடுவில் குழிந்து அடிப்பக்கம் புடைத்திருப்பதால் கண்ணாடி மேல் ஆடுகிறதாம். தீபாவளிக்கு வரும்போது திருப்பிக் கொண்டுவருகிறாள்.