ரங்கூன் டீக்கடை மேசையும் நான் தின்னாத மூணு சமூசாவும்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ரெண்டு மாசம் ரங்கூன்ல வேலை. கடையில ஒத்தையா உக்காந்து சாப்பிட ஒரு மாதிரி இருக்குமே, முன்னப்பின்ன தெரியாதவங்க எதிர்ல வந்து உக்காருவாங்களாமே, அது எப்படி?" என்றான். நல்லாத்தான்டா இருக்கும், போ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு மூன்றாம் நாள் நானே ரங்கூன் போய்க் கடுப்போடு திரும்பினேன். அவனுக்குச் சொன்ன பதில் பாதிதான், மீதியை இங்கே எழுதுகிறேன்.

பர்மாவின் மோல்மீன் ஊரில் சின்னதாக மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க 2006-லிருந்து ரங்கூன் போய் வருகிறேன். கொரோனாவில் விட்டுப்போன மாதங்கள், அப்புறம் 2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வெளியே தலைகாட்ட முடியாத மாதங்கள், இவற்றைக் கழித்தால் மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனால் இரண்டு நாள், ஆறு வேளைச் சாப்பாடு, ஆறும் தனியாக. அதில் குறைந்தது ஐந்து வேளை யாரோ ஒருவரோடு மேசையைப் பகிர்ந்துதான். நகரத்தின் நடுப்பகுதியில் தனி ஆளுக்குத் தனி மேசை என்ற பேச்சே கிடையாது, காலி முக்காலி எங்கேயோ அங்கே உட்காரவேண்டியதுதான்.

காலையில் டீக்கடை. முழங்கால் நெஞ்சைத் தொடுகிற குட்டை முக்காலி, நடுவில் வெறுந்தேயிலைத் தண்ணீர் ஃபிளாஸ்க், கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கிற சின்னக் கோப்பைகள். அந்த வெறும் டீக்குக் காசு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். எதிரில் இருப்பவர் தனக்கு ஊற்றிக்கொள்ளும்போது உங்கள் கோப்பை காலியாக இருந்தால் அதிலும் ஊற்றிவிட்டு, உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பக் கால்பந்துப் பேச்சுக்குப் போய்விடுவார். இத்தனை வருஷத்தில் எனக்கு அலுக்காத விஷயம் இது ஒன்றுதான். பேசவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பும் வராது. மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஒரு தடவை அப்படி உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த கிழவர் ஒன்றுமே கேட்கவில்லை, நாலு தடவை ஊற்றினார்.

சரி, இப்போது கடுப்புக்கு வருகிறேன்.

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே பையன் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். ஒன்றில் சமூசா, ஒன்றில் ஈச்சாக்குவே, அதாவது எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு, சில கடைகளில் கேக்கும் உண்டு. தின்றதற்கு மட்டும் காசு, தொடாதது திரும்பிப் போய்விடும். எழுந்திருக்கும்போது பையன் வந்து மேசையை ஒரு பார்வை பார்ப்பான், கோப்பையை எண்ணுவான், தட்டில் குறைந்ததை எண்ணுவான், மனதுக்குள்ளேயே கூட்டி ஒரு தொகையைக் கல்லாவைப் பார்த்துக் கத்துவான். காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. அந்தக் கணக்கு தப்பி நான் பார்த்ததில்லை, மேசையில் நான் மட்டும் இருக்கிறவரை.

இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் வினை. போன வாரம் தட்டில் ஐந்து சமூசா. நான் ஒன்று எடுத்தேன். எதிரில் இருந்தவர் மூன்றை, புதினாவும் கோஸும் போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டித் தரச் சொல்லாமல், அப்படியே வெறுமனே விழுங்கினார். அப்புறம் போன் வந்தது. பேசிக்கொண்டே கல்லாவுக்குப் போய் ஒரு டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திருட்டு என்று சொல்லமாட்டேன், மறதியாகவும் இருக்கலாம், கல்லாவில் இருந்தவரும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது பையன் தட்டைப் பார்த்தான். நாலு சமூசா என்றான். நான் தின்றது ஒன்றுதான் என்றேன். தட்டில் ஒன்றுதானே மிச்சம் என்றான். அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி.

பெரிய காசு இல்லை. ஆனால் அவனுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். ஐராவதி ஆற்று டெல்டா பக்கத்துப் பிள்ளைகள் இப்படிப் பல பேர் இந்தக் கடைகளில்தான் தூங்கி எழுந்து வேலை பார்க்கிறார்கள். நான் தர மாட்டேன் என்று நின்றால் அது யார் தலையில் விழும்? நாலுக்கும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தெருமுனைவரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டே போனேன். இது முதல் தடவை என்றால் எழுதியிருக்கமாட்டேன். எனக்குத் தெரிந்து ஏழோ எட்டோ தடவை நடந்திருக்கிறது, அதுவும் கடைக்குக் கடை.

மற்ற இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், அந்தக் கடையில் ஆளுக்கு ஒரு கிண்ணம், குழம்பில் வாழைத்தண்டு, மேலே பொரித்ததைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டுக் கொடுப்பார்கள், மேசையில் பொதுவாக இருப்பது மிளகாய்த்தூளும் மீன்சாறும்தான், அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. டம்பவுக், அதாவது அந்த ஊர் பிரியாணி, ஒரு தட்டு ஒரு கோழிக்கால், எதிரில் யார் உட்கார்ந்தால் என்ன. பர்மாச் சோற்றுக்கடையில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே ஒரு கறி சொன்னாலும் சூப்பு, பச்சைக் காய், ங்கப்பி என்கிற புளிக்கவைத்த மீன் விழுது என்று மேசை முழுக்கக் கிண்ணம் வைப்பார்கள், எதிரில் இருப்பவருக்கும் அப்படியே. ஐந்து நிமிஷத்தில் எது யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஒரு தடவை பக்கத்து அம்மாவின் இறால் கிண்ணத்தில் ஸ்பூனை விட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கிண்ணத்தை என் பக்கமே நகர்த்திவிட்டார்.

அனோரத்தா சாலையில், நம் பெரியவர்கள் பிரேசர் தெரு என்று சொல்வார்களே, அங்கே காளி கோயில் பக்கம் நம் ஆட்களின் சாப்பாட்டுக்கடை. சோறு, சாம்பார், ரசம், கேட்கக் கேட்க வரும். நீள மேசை, இருபக்கமும் முழங்கை இடிக்கும். இங்கே கணக்குத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. பக்கத்தில் உட்காருகிறவர் தமிழ் என்று தெரிந்ததும் எந்த ஊரு என்பார். மோல்மீன் என்பேன். "அது தெரியுது தம்பி, சொந்த ஊரு?" என்பார். தாத்தாவுக்குச் சிவகங்கைப் பக்கம் என்று சொல்வேன். நான் அந்த மண்ணை மிதித்ததே இல்லை, அவரும் மிதித்திருக்கமாட்டார், ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு அவங்க பக்கத்து ஊரைச் சொல்வார், ரெண்டு பேரும் போகாத ரெண்டு ஊருக்கு எத்தனை மைல் என்று ரசம் ஆறுகிறவரை பேசுவோம். எனக்கு நாற்பது வயதுவரை எரிச்சலாக இருந்தது. இப்போது யாரும் கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுகிறேன்.

ஆனால் குடும்பம் ஒன்று உள்ளே வந்தால் தனி ஆளைத்தான் எழுப்புவார்கள், இதையும் சொல்லவேண்டும். "அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்பான், எச்சில் கையோடு இலையைத் தூக்கிக்கொண்டு நகரவேண்டும். பாதி ரசத்தில் இரண்டு தடவை நகர்ந்திருக்கிறேன். நாலு பேரை ஒருநாளும் எழுப்ப மாட்டார்கள்.

பத்தொன்பதாம் தெருவில் சாயங்காலம் கறியைக் குச்சியில் குத்திச் சுட்டுத் தருகிற கடைகள் ஆட்களோடு போகிற இடம், தனியாகப் போகாதே. தங்கும் இடத்திலேயே பொட்டலம் வாங்கி வந்து தின்கிறவர்களும் உண்டு. நானும் ஒரு தடவை போனபோது அப்படிச் செய்து பார்த்தேன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் வேளை கீழே இறங்கிவிட்டேன்.

ஆக, இன்றைக்கு என்னைக் கேட்டால் டீக்கடைப் பொது மேசையே வேண்டாம், மொஹிங்காவோடு நிறுத்திக்கொள் என்றுதான் மருமகனுக்குச் சொல்வேன். அடுத்த மாதம் நான் எங்கே உட்காருவேன் என்று அவன் கேட்கக்கூடாது. அப்படியும் போய் உட்கார்ந்தால் ஒன்று மட்டும் செய், தட்டு வந்த உடனே அந்தப் பையனைப் பார்த்து, எதிரில் இருப்பவர் காதிலும் விழுகிற மாதிரி, அஞ்சு இருக்குடா தம்பி என்று சொல்லிவிடு. அப்புறம் டீயைக் குடி.