குறைப்பதா, மாற்றுவதா, கூடச் சேர்ப்பதா?

மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுப்பவரிடம் தூக்கம் எப்படி, பசி எப்படி, காதில் குரல் கேட்பது நின்றதா என்றெல்லாம் மருத்துவர் விசாரிப்பார்; பக்கத்தில் தாயோ மனைவியோ அமர்ந்திருக்க, பாலுறவில் ஆசையே போய்விட்டதை அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. பிறகு ஒருநாள் யாருக்கும் தெரியாமல் மாத்திரை நின்றுபோகிறது. நோய் மீண்டும் தலைதூக்க இதைவிட நேரான வழி கிடையாது என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, "தனியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும்" என்று மருத்துவரிடம் கேட்டுப் பெறக்கூடிய வழிகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் காரணம் தெரிய வேண்டும். நோயும், மனச்சோர்வும், சர்க்கரையும், புகைப்பழக்கமும்கூட ஆசையைக் குறைக்கும். மருந்துதான் காரணமென்றால் பெரும்பாலும் நடப்பது இது: ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் போன்றவை மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும்போது புரோலாக்டின் என்னும் ஹார்மோன் ஏறுகிறது, அதனால் ஆணுக்கு விறைப்பு குறைகிறது, பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது, பிள்ளை பெறாதவருக்கும் மார்பில் பால் கசிகிறது. ஓர் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும்.

அளவைக் குறைப்பது எளிய வழி. ஆனால் புதிய மருந்தின் சிக்கல் எதுவும் இதில் இல்லாவிட்டாலும், குறைந்த அளவிலேயே ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றக்கூடியது என்பதால் பலன் நிச்சயமில்லை.

மருந்தையே மாற்றுவது வேரைத் தொடும் வழி. அரிபிப்ரசோலும் குவெட்டியபினும் புரோலாக்டினைப் பொதுவாக ஏற்றுவதில்லை. இருந்தாலும் பல ஆண்டுகளாக ஒரே மருந்தில் நிலைபெற்றவருக்கு, மாற்றும் அந்த வாரங்கள் கத்திமேல் நடப்பதுபோலத்தான். பெண்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: நின்றிருந்த மாதவிடாயோடு கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்பும், ஆகவே குழந்தை வேண்டாம் என்பவர் கருத்தடை முறையை அப்போதே தொடங்க வேண்டும்.

நோய் நன்கு அடங்கியிருக்கிறது, புரோலாக்டின் மட்டும் உயர்ந்திருக்கிறது என்றால், இருக்கும் மருந்தோடு குறைந்த அளவு அரிபிப்ரசோலைச் சேர்ப்பதையே நான் முன்வைப்பேன். டோபமைன் வந்து பொருந்தும் இடமான ஏற்பியை முழுதாகத் தடுக்காமல் ஓரளவு தூண்டவும் செய்வதால் அது புரோலாக்டினை இறக்குகிறது. ரிஸ்பெரிடோனோடு இது நன்றாகவே பலிக்கிறது. அமிசல்பிரைடோடு அவ்வளவாக இல்லை. உட்கார முடியாத பரபரப்பு வரலாம் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நோய் முற்றிவிட்டதென்று பதறிப்போவார்கள்.

சில்டெனாஃபில் விறைப்புக்கு உதவும். ஆசையை மீட்டுத் தராது. இதய வலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.